வெளிநடப்பு செய்த வீட்டுக்காரர்

கோவிந்தராசுவிடம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால், மில்லில் நெசவு என்று சொல்ல மாட்டார். மில்லை மூடிய பிறகு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் பல வருடம் காவலுக்கு உட்கார்ந்திருந்ததையும் சொல்ல மாட்டார். "போனஸ் பேச்சுவார்த்தைக் குழுவுல இருந்தேன்" என்பார்.

புதுச்சேரி சாரத்தில் எங்கள் எதிர்வீடு அவருடையது. ஒன்றரைக் குழி, அதாவது எண்ணூற்றுச் சொச்சம் சதுர அடி மனை. கீழே கூடமும் அடுப்படியும், மாடியில் படுக்கையறையும் குளியலறையும். கட்டிய புதிதில் அவர் மனைவி வசந்தாவுக்கு அந்த மாடிப்படி பெரிய பெருமை. இப்போது முழங்கால் தேய்ந்துவிட்டது. காலையில் இறங்கினால் இரவில்தான் ஏறுவார். நடுவில் அவசரம் என்றால் எங்கள் வீடுதான்.

அவர்கள் மகள் கவிநிலா மூலக்குளத்தில் இருக்கிறாள். அவள் வீட்டை ஒட்டி ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் வீடு விலைக்கு வந்தது. மாடியே கிடையாது. குளியலறை படுக்கையறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. வசந்தா ஒரே ஒருமுறை அந்த வீட்டுக்குள் நடந்து பார்த்துவிட்டு வந்து, அதற்குப் பிறகு வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

வாத்தியார் ஒன்று மட்டும் சொன்னார். "ஆனி முடியறதுக்குள்ள முன்பணம் குடுத்துடுங்க. ஆடியில நான் கை நீட்ட மாட்டேன். ஆவணிக்கு வேற ஒருத்தர் கேட்டுக்கிட்டு நிக்கிறாரு."

சாரம் வீட்டை விற்றால்தான் அந்த முன்பணம். அப்போது சித்திரை மாதம்.

டீக்கடை பெஞ்சில் அலுவலகம் நடத்தும் புரோக்கர் சின்னக்கண்ணு, விற்கும் பேச்சு கிளம்பிய அன்றைக்கே வந்துவிட்டார். "அண்ணே, ரெண்டு பர்சென்ட்டு. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், உக்காந்து காப்பி குடிங்க போதும்."

"மொதலாளிங்களையே உக்கார வெச்சி பேசினவன் நான். என் வீட்டை விக்க எனக்கு நீ எதுக்கு?"

"மொதலாளி வேற, வீடு வாங்க வர்றவன் வேறண்ணே."

"ரெண்டு பேரும் குடுக்க மாட்டேன்னு சொல்றவங்கதான்."

முதலில் விலை வைக்க வேண்டும். அதற்குக் கோவிந்தராசு ஒரு வழி கண்டுபிடித்தார். சுற்றுவட்டத்தில் விற்பனைக்கு இருக்கும் வீடுகளுக்கு வாங்குகிறவர் போலப் போய் விசாரிப்பது. வசந்தாவையும் கூட்டிக்கொண்டு போனார். பெண்ணில்லாமல் வீடு பார்க்க வந்தால் சந்தேகப்படுவார்களாம். வசந்தா எல்லா வீட்டிலும் மாடிப்படியைப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். கோவிந்தராசு உள்ளே போய்ச் சுவரைத் தட்டினார், குழாயைத் திறந்தார், காப்பி குடித்தார், விலை கேட்டார்.

இதனால் விலை தெரிந்தது. கூடவே, மில் ஆளுக்கு எங்கிருந்தோ பணம் வந்திருக்கிறது, வீடு வீடாகப் பார்க்கிறார் என்ற பேச்சும் கிளம்பியது. வைகாசி முழுக்க அவர் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் வீடு விற்க வந்தவர்கள். கமிஷனே வேண்டாம், எங்கள் வீட்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒருவர் அரியாங்குப்பத்திலிருந்து வந்து அரை நாள் உட்கார்ந்திருந்தார்.

கடற்கரைப் பக்கத்துப் பழைய பிரெஞ்சு மஞ்சள் வீடுகள் என்ன விலைக்குப் போகின்றன என்று யாரோ சொல்லக் கேட்டு, கோவிந்தராசு வீட்டின் முகப்புக்கும் மஞ்சள் அடித்தார். சன்னல் ஓரங்களுக்கு வெள்ளை. வாசலில் ஒரு காகிதப்பூச் செடி. பிறகு பலகை மாட்டினார். 'வீடு விற்பனைக்கு. புரோக்கர்கள் தவிர்க்கவும்.' தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தது நான். அதைப் படித்துவிட்டு முதல் வாரம் கூப்பிட்டவர்கள் அனைவரும் புரோக்கர்கள்.

ஆனி பிறந்ததும் உண்மையான ஆள் வந்த மாதிரி இருந்தது. கமலவேணி என்ற பெண்மணியும் அவர் கணவரும் வந்தார்கள். டேப் வைத்து அளந்தார்கள். அடுப்படி எந்தத் திசை பார்க்கிறது என்று கேட்டார்கள். "கடைசியா எவ்ளோன்னா குடுப்பீங்க?" என்று மூன்று விதமாகக் கேட்டார்கள். மறுபடியும் வந்தார்கள். வசந்தா இரண்டாவது தடவை வாழைக்காய் பஜ்ஜி போட்டார்.

"படிஞ்சிடுச்சி" என்றார் கோவிந்தராசு. "இவ்ளோ கேள்வி கேக்கறவங்க வாங்காம போக மாட்டாங்க."

நான்கு நாள் கழித்து அவர் பின்தெரு வழியாக வந்தபோது ஒரு வீட்டு வாசலில் கமலவேணி துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அந்த வீட்டுச் சுவரில் ஒரு பலகை. 'வீடு விற்பனைக்கு. புரோக்கர்கள் தவிர்க்கவும்.' விசாரித்தால், விலை இவருடையதைவிட ஒரு லட்சம் குறைவு.

"விலை விசாரிக்க வந்து பஜ்ஜி வேற துன்னுட்டுப் போயிருக்காங்க. மனுசத்தனமா இது?"

"நாம எத்தினி வீட்ல காப்பி குடிச்சோம்?" என்றார் வசந்தா. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனி முடியப் போவுதுங்க. அந்த வீடு போச்சின்னா நான் இந்தப் படியிலதான் ஒரு நாளைக்கு விழுவேன்" என்றார்.

கோவிந்தராசு தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். மனத்தில் ஒரு கடைசி விலை வைத்திருக்கிறேன், அதை வசந்தாவிடம்கூடச் சொல்ல மாட்டேன், தெரிந்தால் முகத்தில் காட்டிவிடுவாள் என்று எங்கள் அப்பாவிடம் சொன்னார்.

ஆனியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கலியபெருமாள் வந்தார். மில்லில் வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீசில் இருந்தவர். போனஸ் பேச்சின்போது எதிர்த் தரப்பில், மேனேஜருக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. மகன் அருள்முருகனுக்காக வீடு தேடுகிறார். இடுப்பு எலும்பு ஒடிந்து தேறியவர். கைத்தடியோடு வந்து கூடத்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

கோவிந்தராசுவின் முகம் இருபது வயது குறைந்துவிட்டது. இத்தனை நாள் வந்தவர்களுக்குப் பேரம் பேசத் தெரியாது. இவருக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் மில்லில் ஒரு முறை இருந்தது. தீபாவளிக்கு முன் தொழிலாளர் தரப்பு ஒரு கணக்குச் சொல்லும். நிர்வாகம் சிரிக்கும். இரண்டு நாள் பேசிவிட்டுத் தொழிலாளர் தரப்பு எழுந்து வெளிநடப்பு செய்து, கேட் வரை நடந்து, அங்கே நிற்கும். கொஞ்ச நேரத்தில் டைம் ஆபீசிலிருந்து கலியபெருமாள் வந்து, "வாங்கப்பா, டீ ஆறுது" என்பார். உள்ளே போனால் கால் சதவீதம் ஏறியிருக்கும். ஒரு வருடமும் இது தவறியதில்லை.

"எண்பத்தஞ்சு லட்சம்" என்று கோவிந்தராசு ஆரம்பித்தார்.

"அறுபத்தஞ்சு" என்றார் கலியபெருமாள்.

"மஞ்சள் பாத்தியா? வெளிநாட்டுக்காரன் வந்து நின்னு போட்டோ எடுக்கறான்."

"மஞ்சள் அடிச்சா கடலு சாரத்துக்கு வந்துடுமாய்யா?"

கோவிந்தராசு எண்பத்து நாலுக்கு இறங்கினார். கலியபெருமாள் அறுபத்தைந்தரைக்கு ஏறினார். அதற்கு மேல் இரண்டு பேரும் அசையவில்லை. கோவிந்தராசு எழுந்து துண்டைத் தோளில் போட்டார்.

"இது எங்க தரப்பை அவமானப்படுத்துற பேச்சி. நான் வெளிநடப்பு செய்யறேன்."

செய்தார். நேராக வாசலைத் தாண்டி, தெருவைக் கடந்து, எங்கள் வீட்டு கேட்டருகில் வந்து நின்றார்.

நல்ல வெயில். வண்டியில் போன சின்னக்கண்ணு நிறுத்தினார். "இன்னாண்ணே, உள்ள பார்ட்டி இருக்கு, நீங்க வெளிய நிக்கறீங்க?"

"கூப்புடுவாங்க."

"யாரு?"

"மேனேஜ்மென்ட்டு."

சின்னக்கண்ணு வண்டியை அணைத்துவிட்டு நிழலாகப் பார்த்து நின்றுகொண்டார். கோவிந்தராசு என் பக்கம் திரும்பி, "உள்ள யாரனா எழுந்துட்டாங்களா பாரும்மா" என்றார்.

"இல்ல மாமா. காப்பி குடிக்கிறாங்க."

"குடிக்கட்டும்" என்றார். ஆனால் கழுத்தை நீட்டி ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

உள்ளே நடந்ததை வசந்தா அப்புறம் சொன்னார். கலியபெருமாள் காப்பியை முடித்துவிட்டு, "இன்னா தங்கச்சி, எங்க போனாரு?" என்று கேட்டிருக்கிறார்.

"எங்கயும் போவல. எதிர்ல நிக்கிறாரு. வெயில் ஏறினா வந்துடுவாரு" என்றார் வசந்தா. "அண்ணே, உங்ககிட்ட மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. ஐப்பசி மழைக்கு வாசல்ல கணுக்கால் தண்ணி நிக்கும். காலையில மாடிக் குழாய்ல தண்ணி ஏறாது. இந்த மஞ்சளு போன மாசம் அடிச்சது, உள்ள செவுரு ஓதம். ஆனா கட்டடம் நல்ல கட்டடம். எனக்குப் படியேற முடியல, அதான் விக்கறோம்."

கலியபெருமாள் கைத்தடியைத் தரையில் ஊன்றி அவரைப் பார்த்தார். "எத்தினியோ வீடு பாத்துட்டேன். ஒரு வீட்லயும் தண்ணியே நிக்காதாம். புதுச்சேரியில எங்கதான் நிக்குதுன்னு தெரியாம இருந்தேன். நீயே ஒரு விலை சொல்லு."

"அவரு மனசுல இன்னா கணக்கு இருக்குன்னு எனக்குத் தெரியாது, சொல்ல மாட்டாரு. என் கணக்கு ஒண்ணுதான். மூலக்குளத்து வீட்டு விலை, பத்திரச் செலவு, சாமான் ஏத்தற வண்டி. எழுபத்தி ரெண்டு. அதுக்கு மேல எனக்கு வேணாம். கீழ வந்தா அந்த வீடு கெடைக்காது."

கலியபெருமாள் தன் மனைவி செல்வாம்பாளுக்குப் போன் போட்டார். எழுபத்திரண்டு, ஓதம், கணுக்கால் தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னார். செல்வாம்பாள் கேட்டது ஒன்றே ஒன்று: மகனுக்கும் மருமகளுக்கும் மாடியில் தனியாக அறை இருக்கிறதா? இருக்கிறது. முடிந்தது. கலியபெருமாள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு நூற்றியொரு ரூபாய் வைத்தார். நாளை மறுநாள் ஒப்பந்தம், அன்றைக்கே முன்பணம்.

வெளியே கோவிந்தராசுவின் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. கடைசியில், "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எங்களிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். எங்கள் வீட்டிலும் தண்ணீர் இருந்தது. சின்னக்கண்ணுவும் பின்னாலேயே போய் வாசற்படியில் நின்றார்.

"வாய்யா, முடிஞ்சி போச்சி" என்றார் கலியபெருமாள்.

கோவிந்தராசு தாம்பாளத்தைப் பார்த்தார். "நீ ஏன் என்னைக் கூப்பிட வரல?"

"அன்னிக்கு மேனேஜரு அனுப்பினாரு, வந்தேன். இங்க என்னை யாரு அனுப்பறது? அதுவும் உன் வூட்டுக்குள்ள உன்னை வாய்யான்னு நான் எப்படிக் கூப்புடுவேன்?"

கோவிந்தராசு வசந்தா பக்கம் திரும்பினார். எவ்வளவு என்று கேட்டார். வசந்தா சொன்னார். அவர் வெகுநேரம் துண்டால் முகத்தைத் துடைத்தார். அவர் மனத்தில் வைத்திருந்த கடைசி விலை எழுபது.

"எங்க தரப்புக்கு முழுத் திருப்தி இல்ல" என்றார். "இருந்தாலும் ஏத்துக்கறோம்."

அன்று மாலையே டீக்கடையில், அறுபத்தைந்தரையில் நின்றவன் எழுபத்திரண்டுக்கு ஏறினான் என்றால் அதற்குக் காரணம் வெளிநடப்புதான் என்று அவர் விளக்கினார். நானே கண்ணால் பார்த்தேன் என்று சாட்சி சொன்னவர் சின்னக்கண்ணு. அவருக்கு ஒரு டீ கிடைத்தது. இந்த விற்பனையில் அவர் பார்த்த கமிஷன் அவ்வளவுதான்.

ஆனி முடிய இரண்டு நாள் இருக்கும்போது மூலக்குளத்துக்கு முன்பணத்தோடு போனார்கள். ஆட்டோவில் போகும்போதே கோவிந்தராசு, வாத்தியாரிடம் ஒரு லட்சமாவது குறைத்துக் காட்டுகிறேன் என்றாராம். வசந்தா பணப்பையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டார். வாத்தியார் வீட்டு வாசலில் கவிநிலாவின் கையைப் பிடித்து இறங்கியதும் கணவரிடம், "நீங்க இங்கயே நில்லுங்க" என்றார்.

வாத்தியார் எட்டிப் பார்த்து, "ஐயா உள்ள வரலீங்களா?" என்று கேட்டார்.

"அவரு வெளிய நின்னாத்தான் எங்களுக்குக் காரியம் முடியும் சார்" என்றார் வசந்தா. சொல்லிவிட்டு உள்ளே நடந்தார். ஏறுவதற்கு அங்கே ஒரு படிகூட இல்லை.