தனபாலனைக் கண்டால் கக்கும் கிளி

போன மாதம் ஒரு காலை. எங்கள் ஊர் பத்து பாகாட்டில் என் பக்கத்து வீட்டுக்காரர் தனபாலன், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார்.

"அண்ணே! அந்தச் சனியன் மறுபடியும் என் மேல கக்கிடுச்சு! கோயிலுக்குப் போட்ட சட்டைண்ணே!"

சனியன் என்றது அவர் வீட்டுப் பச்சைக்கிளியை. பெயர் குட்டி. பிள்ளைகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபிறகு, அவர் மனைவி லெட்சுமி பேச்சுத்துணைக்கு வளர்ப்பது.

தனபாலன் கோயில் கமிட்டித் தலைவர். எச்சில் என்றால் ஆகவே ஆகாது. கல்யாண வீட்டுக்கும் சொந்த டம்ளரைப் பையில் போட்டுக்கொண்டு போவார். அந்த டம்ளரை ஒருமுறை மாப்பிள்ளையின் மாமா தெரியாமல் எடுத்துக் குடித்துவிட, இவர் பந்தியிலிருந்தே எழுந்துவிட்டார்... சரி, அது வேறு கதை. அப்பேர்ப்பட்டவர் மேல் ஒரு கிளி, தொண்டைக்குள் இருந்த சூரியகாந்தி விதையைக் கூழாக்கிக் கொண்டுவந்து போட்டால்?

"என்னைப் பாத்தா மட்டும்தாண்ணே! கழுத்த மேலயும் கீழயும் ஆட்டும். அப்புறம் கக்கும். வேணும்னே பண்ணுது. மரியாதை தெரியாத ஜென்மம்!"

தலைவரை அவமானப்படுத்த ஒரு கிளி திட்டம் போடுகிறதாம். பதவி வந்தால் மனுஷனுக்கு என்னவெல்லாம் தோன்றுகிறது, பாருங்கள்!

லெட்சுமி மட்டும் என்ன? கண்ணேறு என்று சொல்லி, உப்பும் மிளகாயும் சுற்றிக் கூண்டுக்குப் பக்கத்திலேயே நெருப்பில் போட்டார். கிளி இருமியது. வேலிக்கு இந்தப் பக்கம் நானும் இருமினேன்.

கடைசியில் தனபாலன் தீர்ப்புச் சொன்னார் — மூவாரில் ஒரு பறவைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவது.

"அது போனா நான் யாரோட பேசுறது?" லெட்சுமி கூண்டைக் கட்டிக்கொண்டார்.

"ஏன், நான் இல்லியா?"

"நீங்களா? நீங்க கடைசியா பேசுனது போன தீபாவளிக்கு. அதுவும் வடையில உப்பு இல்லன்னு!"

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். லெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "அம்மன் கையில இருக்குற கிளி அது. நோயோட தள்ளி விட்டா பாவம். டாக்டர்கிட்ட காட்டிட்டுக் கொண்டு போங்க."

அம்மன் பெயரைக் கேட்டதும் தலைவர் இறங்கி வந்தார். காரின் முன் சீட்டில் லெட்சுமி, பின் சீட்டில் கூண்டோடு நான். சாட்சிக்கு ஆள் வேண்டுமே!

டாக்டர் ஒரு சீனப் பெண். மலாயில் கேட்டார். கக்கும்போது தலையை உதறி நாலாபக்கமும் தெறிக்கவிடுகிறதா? தலை இறகெல்லாம் பிசுபிசுப்பா? சாப்பிடாமல் உப்பிக்கொண்டு உட்காருகிறதா? இதில் எது இருந்தாலும் நோய், உடனே தூக்கி வரவேண்டும் என்றார். ஒன்றும் இல்லை. கிளியின் தொண்டையைத் தடவிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"அலமாக், அங்கிள்! டியா சாயாங் அங்கிள்லா!"

அதாவது, கிளிக்கு அங்கிள் மேல் ஆசையாம். கழுத்தை ஆட்டி, இரைப்பையில் இருப்பதை மேலே கொண்டுவந்து, ஒரே இடத்தில் பார்த்துப் போட்டால் அது வாந்தி இல்லை. ஜோடிக்கு ஊட்டுவது. லாபிஸ் ரயில் ஸ்டேஷன் கூரையில் புறாக்கள் இப்படி ஊட்டுவதை நான் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்! புறாவுக்கு யாராவது மிளகாய் சுற்றினார்களா?

மிளகாய்ப் புகைக்கு லெட்சுமிக்கு நல்ல திட்டு விழுந்தது. பறவையின் நெஞ்சு அதைத் தாங்காதாம். அப்புறம் டாக்டர் கேட்டார், "முதுகைத் தடவுவது யார்?"

"நான் தலையத்தான் சொறிவேன்" என்றார் லெட்சுமி.

தனபாலன் மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தார்.

"என்னங்க?"

"சும்மா... காலையில... பேப்பர் படிக்கறப்ப... கொஞ்சம்..."

அடேயப்பா! வெளியே சனியன். உள்ளே தடவல். முதுகைத் தடவினால் கிளி நம்மை ஜோடி என்றே நினைத்துக்கொள்ளுமாம். இனித் தலையை மட்டும் தொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். லெட்சுமி கார் கதவைச் சாத்திய வேகத்தில், மூவார்ப் பேச்சு அங்கேயே செத்துப்போனது.

"முப்பது வருஷமா பொங்கிப் போடுறேன். என் தலையில ஒரு கை வச்சதில்ல!"

அதற்குப் பிறகு தனபாலன் கிளியின் முதுகைத் தொடவில்லை. கிளியும் மெல்ல மெல்ல நிறுத்திவிட்டது. நேற்று வேலியோரம் வந்தார். சட்டை பளிச்சென்று இருந்தது. முகம்தான் அப்படி இல்லை.

"அது இப்பல்லாம் என்னைக் கண்டுக்கிறதே இல்லண்ணே..."

வேறென்ன செய்யும்? விருந்து வைத்தபோது சட்டையைத் துடைத்த ஆள்தானே!