டாட் பிடித்த கவசம்

பட்டறையில் அவளுக்குப் பெயர் கத்தரி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. கோபம் மூக்கு நுனியில் நிற்கும். கை மட்டும் அப்படியொரு நிதானம். கல்யாணத்துக்கு முன்னால் பெண்கள் உடுப்புக் கடையில் வெட்டுவேலை பார்த்தவள். ஆளை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தால் போதும், எனக்கு அளவு நாடா எதற்கு என்று பீற்றிக்கொள்வாள். பீற்றல்தான். ஆனால் அவள் வெட்டிய சட்டையைப் போட்டவர்கள் வேறு கடை தேடிப் போனதில்லை.

பிறகு சேர்ந்த இந்தப் பட்டறையில் தைப்பது கவசம். கவசம் என்றதும் ராஜா காலத்து இரும்பை நினைக்க வேண்டாம். கத்திக்குத்து தாங்குவதற்கென்று இறுக்கி நெய்த மஞ்சள் துணி. அதை அடுக்கடுக்காக வைத்து, ஓரத்தை மட்டும் தைத்து, மேலே ஈரம் புகாத உறை போட்டது. சாதாரணக் கத்தரிக்கோல் அந்தத் துணியில் நாலு வெட்டு வெட்டுவதற்குள் மழுங்கிப் போகும். வாங்குகிறவர்கள் வாட்ச்மேன்கள், பணவண்டிக் காவலர்கள். அவள் புருஷனே பணவண்டிக் காவலர்தான். அந்தக் கனத்த கவசத்தை அவர் ஒரு நாளும் முழுசாகப் போட்டுக்கொண்டு வேலை பார்த்ததில்லை.

"கதவைக் கழட்டி மாட்டிக்கிட்ட மாதிரி இருக்குடி. வண்டி கிளம்பினதும் கழட்டி, கீழ போட்டு, மேல உக்காந்துக்குவேன்."

"உசுரைக் காப்பாத்துறதுக்குக் குடுத்தா உக்கார்றதுக்கு வச்சிருக்கீங்க. நல்லா இருக்குங்க உங்க காவல்!"

அப்படிச் சொல்லிச் சொல்லிச் சிரித்த வீடுதான் அது. தங்கை குத்துப்பட்ட பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

தங்கையைச் சின்னவள் என்றே சொல்லிவிடலாம். வீட்டிலும் அதுதான் பெயர். அப்பா அம்மா போன பிறகு அக்கா வீட்டில் வளர்ந்தவள். பெரிய ஆஸ்பத்திரியில் பதிவு கவுண்டரில் வேலை. ஒரு மத்தியானம், வெகுநேரம் காத்திருந்த எவனோ ஒருவன், பையிலிருந்து பழம் நறுக்கும் கத்தியை எடுத்து, கவுண்டருக்கு மேலே எக்கிக் குத்திவிட்டான். இவளோடு அவனுக்கு என்ன விரோதம்? ஒரு மண்ணும் இல்லை. டாக்டர் உள்ளே இருந்தார், இவள் முன்னால் இருந்தாள், அவ்வளவுதான். படுபாவி! இடது மார்புக்குக் கீழே இறங்கிய கத்தி விலா எலும்பில் பட்டு நின்றது.

காயம் ஆறிவிட்டது. சின்னவள்தான் ஆறவில்லை. பின்னறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உள்ளேயே கிடந்தாள். சாப்பிட வந்தால் வாசலைப் பார்த்து உட்காருவாள். பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால் இவள் கையிலிருந்து தட்டு விழும். முனைக் கடைக்குக்கூடப் போகமாட்டாள். வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பெண் அது. இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். கத்தரிக்குப் பெற்ற வயிறாக எரிந்தது.

"என் கவசத்தைப் போட்டுக்கிட்டுப் போம்மா" என்றார் அக்கா புருஷன் ஒரு நாள், ஏதாவது செய்ய வேண்டுமே என்று.

போட்டுப் பார்த்தாள். நின்றால் மார்பில் முட்டிக்கொண்டு கீழே வயிற்றை விட்டு விலகி நின்றது. உட்கார்ந்தால் மேலே ஏறித் தொண்டையை நெரித்தது. ஆம்பளை உடம்புக்கு, அதுவும் நின்றுகொண்டே இருக்கிற ஆம்பளைக்கு வெட்டியது.

"இதோட கவுண்டர்ல உக்காந்தா எல்லாரும் என்னையேதான் மாமா பாப்பாங்க" என்றாள் சின்னவள். கழற்றித் தந்துவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்குக் கத்தரிக்குப் பிடித்தது வெறி. உட்கார்ந்தபடி வேலை பார்க்கிற ஒரு பெண்ணுக்கு, நாள் முழுக்கப் போட்டாலும் மூச்சு முட்டாத, கையை நீட்டிக் காகிதம் வாங்க முடிகிற, சட்டைக்குள்ளே இருப்பதே வெளியே தெரியாத கவசம். கனமான துணியை ஒதுக்கிவிட்டு, வெளிநாட்டிலிருந்து வந்த மெல்லிய ரகத்தில் முதலாளியிடம் கெஞ்சிக் கொஞ்சம் வாங்கினாள். அக்குளைத் தாராளமாகக் குடைந்தாள். இடுப்பில் இழுத்துக் கட்டப் பட்டி வைத்தாள். மார்புக்குக் கீழே தூக்கிக்கொண்டு நிற்கிறதே, அதற்கு என்ன செய்வது? உடுப்புக் கடைக்காரிக்கு அது ஒரு கேள்வியா? டாட் பிடித்தாள். அதாவது, மிஞ்சுகிற துணியைக் கூராக வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு விளிம்பையும் சேர்த்துத் தைத்துவிடுவது. ஒவ்வொரு அடுக்கிலும், அச்சுப் பிசகாமல், அதே இடத்தில். சின்னவள் உடம்பில் அது அப்படியே படிந்தது. கண்ணாடி முன்னால் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டவள், திரும்பி அக்காவைப் பார்த்து, "ஒண்ணுமே தெரியலக்கா!" என்றாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் பல் தெரிந்தது.

அடுத்த வாரம் வேலைக்குப் போனாள். போனவள் சும்மா இருந்தாளா? கவுண்டர் பெண்களையும் நர்சுகளையும் கூட்டி, "குத்திப் பாருங்க, பயப்படாதீங்க" என்று பேனாவால் தன் நெஞ்சில் குத்த வைத்திருக்கிறாள். ஆளாளுக்குக் கேட்டார்கள். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை; கத்தரியின் அச்சை வைத்துக் கவுண்டரில் இருந்த அத்தனை பெண்களுக்கும், கேட்ட நர்சுகளுக்கும் தைத்து அனுப்பினார். கத்தரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பொய் சொல்வானேன், நடையிலேயே கொஞ்சம் மிதப்பு வந்துவிட்டது.

அந்தக் கவசங்களில் ஒன்று திரும்பி வந்தது. ஒரு நர்சம்மா அதற்கு இஸ்திரி போட்டுவிட்டார்! உறை பொசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. இனி அதை விற்க முடியாது.

பட்டறையில் சோதனைக்கென்று ஒரு மூலை உண்டு. களிமண் பாளத்தின் மேல் துணியை வைத்து, நெட்டுக்குத்தாக நிற்கிற குழாய் வழியாகக் கனமான கத்தியை விழவிடுவார்கள். துணி விலை கூடினது என்பதால் முழுக் கவசத்தை யாரும் சோதிப்பதில்லை. வெட்டி மிஞ்சிய துணியில் சதுரத் துண்டு எடுத்து, அடுக்கி, அதில்தான் விழவிடுவார்கள். சதுரத் துண்டில் டாட் ஏது? கத்தரியும் அப்படித்தான் சோதித்திருந்தாள், ஒரு தடவைக்கு நாலு தடவையாக. இன்றைக்கு முழுசாக ஒன்று கெட்டுக் கிடக்கிறதே என்று, விளையாட்டுப் போல, களிமண்ணை மேடாகப் பிடித்து அதன் மேல் போட்டாள். நடுமார்பில் விழுந்த கத்தி எகிறிப் போய் விழுந்தது. "அப்படிப் போடு!" என்று சொல்லிக்கொண்டே டாட் தையலுக்கு நேராக அடுத்ததை விட்டாள்.

கத்தி பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது.

பிடுங்கி எடுத்து மறுபடி விட்டாள். மறுபடியும் போயிற்று. ஒவ்வொரு அடுக்கிலும் வெட்டிய வாய் ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே நேரில் இருந்தது. குறுக்கே தடுக்க ஒரு முழு இழைகூட இல்லை; இருந்ததெல்லாம் வெறும் தையல் நூல். அழகாகப் படிய வேண்டும் என்று அவளே வெட்டி வைத்த வழி. அதுவும் எந்த இடத்தில்? சின்னவள் வாங்கிய குத்து இருக்கிற அதே இடத்தில்.

முதலாளியைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் களிமண் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். முகம் வெளுத்தது, ஆனால் வாய் தைரியமாகத்தான் பேசியது.

"எவனாவது குத்துறதுக்கு முன்னாடி டாட் எங்க இருக்குன்னு தடவிப் பாப்பானாம்மா? அடுத்த தடவை தைக்கும்போது மாத்திக்கலாம்."

"போட்டுக்கிட்டு இருக்கறவங்க?"

"அவங்களுக்கு என்ன சொல்லுவ? இத்தனை நாளா ஓட்டைச் சட்டை குடுத்தோம்னா? பட்டறைக்குப் பூட்டுப் போட வேண்டியதுதான். எத்தனை குடும்பம்னு யோசிச்சுப் பாரு."

மற்ற நாளாக இருந்தால் கத்தரி அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அன்று நாக்கு எழவில்லை. ஏனென்றால் அவள் பயம் பட்டறை மூடுவதைப் பற்றி அல்ல. சின்னவளிடம் சொன்னால் அந்தப் பெண் மறுபடி தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்ளும். இந்தத் தடவை திறக்கவே திறக்காது. சொல்லாவிட்டால் தினமும் காலையில் அந்த ஓட்டையை நெஞ்சில் கட்டிக்கொண்டு போகும். சாயங்காலம் தங்கையின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்கும்வரை அடுப்பில் வைத்தது கருகினாலும் அவளுக்குத் தெரியவில்லை.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்று புருஷன் கேட்டார். அவரிடம் மட்டும் சொன்னாள்.

"வேற ஒண்ணு தச்சுக் குடுத்துடேன். சொல்லாமலே மாத்திடலாம்."

அதுதான் அவளும் நினைத்தது. மிச்சத் துணியை எல்லாம் பொறுக்கி, இடைவேளைகளில் உட்கார்ந்து புதிதாக வெட்டினாள். இம்முறை ஒரு அடுக்குக்கு டாட் கீழிருந்து, அடுத்ததற்கு அக்குளிலிருந்து, அதற்கடுத்ததற்குத் தோளிலிருந்து. ஒன்றின் வெட்டுவாய் மேல் இன்னொன்றின் முழுத்துணி படுத்திருந்தது. அதே மாதிரி வெட்டிய துண்டுகளை அடுக்கி, களிமண் மேட்டில் வைத்துக் கத்தியை எல்லாப் பக்கமும் விட்டுப் பார்த்தாள், தாங்கியது. ஆனால் அழகு போய்விட்டது. அங்கங்கே புடைத்துக்கொண்டு, தலையணை மாதிரி இருந்தது. இருக்கட்டும், உயிரா அழகா? ஒன்றுக்குத்தான் துணி தேறியது. முதலில் இவளுக்கு, மற்றவர்களுக்கு அப்புறம் பார்ப்போம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். தங்கைக்கு முதலில் செய்தாள் என்று யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. அப்புறம் பார்ப்போம் என்றதுதான் தப்பு. அது அவளுக்கும் உள்ளுக்குள் தெரியும்.

காலையில் சின்னவள் கிளம்புகிற நேரத்தில் எடுத்து நீட்டினாள்.

"புது மாடல்டி. இதைப் போட்டுக்கிட்டுப் போ. பழசைக் குடு."

சின்னவள் போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பினாள். "என்னக்கா இது, மூட்டை கட்டின மாதிரி? பழசே நல்லா இருக்கு."

"சொன்னா கேளு."

"எல்லாரும் கேப்பாங்க. எனக்குப் பழசு போதும்."

"அதைப் போடாதடி!"

கத்திவிட்டாள். புருஷன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். சின்னவள் அக்காவின் முகத்தையே பார்த்தாள். சிறு வயதிலிருந்து படித்த முகம்.

"பழசுல என்ன?"

கத்தரி சொல்லிவிட்டாள். இஸ்திரி போட்ட கவசம், டாட், களிமண், பிடிவரைக்கும் போன கத்தி, எல்லாம். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. தங்கையின் கை தன்னையறியாமல் இடது விலாவுக்குப் போனதைப் பார்த்தாள். போச்சு, இனிப் பின்னறைதான் என்று நினைத்தாள்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"போன வாரம்."

"யார் யாருகிட்டச் சொன்ன?"

"முதலாளிகிட்ட. மாமாகிட்ட. இப்ப உன்கிட்ட."

"கவுண்டர்ல இருக்கறவங்ககிட்ட?"

இல்லையென்று கத்தரி தலையாட்டினாள்.

"நான் சொல்லித்தானக்கா வாங்கினாங்க. குத்திப் பாருன்னு நெஞ்சைக் காட்டினேன். ஒரு வாரமா அவங்க ஓட்டையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க, நீ எனக்கு மட்டும் புதுசு தச்சுக்கிட்டு இருந்திருக்க. உன் தங்கச்சி உடம்பு மட்டும்தான் உடம்பா?"

அறைந்திருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது. சின்னவளுக்குப் பட்டியை அவிழ்க்க இரண்டு மூன்று தடவை முயல வேண்டியிருந்தது. புதுசைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். சட்டையை மாட்டிப் பொத்தான்களைப் போட்டாள். பழசைச் சுருட்டிக் கைப்பையில் திணித்தாள், மற்றவர்களுக்குக் காட்டுவதற்கு.

"அதைப் போட்டுக்கிட்டுப் போம்மா" என்றார் மாமா. "ஊருக்குச் சொல்றதை உள்ள போட்டுக்கிட்டே சொல்லலாமே."

"இதைப் போட்டுக்கிட்டு, உங்களுது ஓட்டைன்னு எந்த வாயால மாமா சொல்றது?"

செருப்பை மாட்டினாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். அவள் பயப்படுகிறாள் என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. பிறகு இறங்கிவிட்டாள்.

கத்தரி நாற்காலியிலிருந்த கவசத்தை அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். "எல்லாருக்கும் தச்சுத் தரேன்டி! முதலாளி முடியாதுன்னா நானே தைக்கிறேன். இதை மட்டும் போட்டுக்கிட்டுப் போடி, என் கண்ணு இல்ல!"

சின்னவள் திரும்பி வந்து அந்தக் கவசத்தைத் தொட்டுப் பார்த்தாள். அக்காவின் கன்னத்தையும் ஒரு தடவை தொட்டாள்.

"தை. இதை அந்த நர்சம்மாவுக்குக் குடு, அவங்களுக்கு இப்ப ஒண்ணுமே இல்ல. என்னுதைக் கடைசியா தை."

நடந்து போனாள். கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் அவள் மேல் ஒரு பருத்திச் சட்டை, வேறு எதுவும் இல்லை. "பாத்துப் போடி" என்று கத்தரி சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை.