குருநாதர் கொடுத்த குடுவை

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் 'சந்தேக மேடம்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. உதவியாளர்கள் கொண்டுவரும் எந்த முடிவையும் மூன்று முறை செய்து பார்க்காமல் நம்ப மாட்டாள். தராசையே தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பவள் என்று கேலி பேசுவார்கள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பதினோரு வருஷமாகச் சோதிக்கவே இல்லை. அவள் வளர்த்த கணையப் புற்றுநோய்ச் செல்களைத்தான். அவளுடைய பேராசிரியர் ஓய்வுபெற்ற அன்று ஒரு குடுவையில் அவற்றைத் தம் கையாலேயே கொடுத்தார். "என் பொண்ணையே கட்டிக் கொடுக்கிறேன்னு நினைச்சுக்கோ" என்றார். அப்படி வந்த பெண்ணிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்க யாருக்கு வாய் வரும்?

அந்தச் செல்களில் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தாள். அதை அடக்கினால் செல் தானாகவே செத்துப்போனது. அதை நம்பி ஒரு மருந்து தயாரானது. வரும் திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் முதன்முதலாகப் பத்து நோயாளிகளுக்குக் கொடுக்கப் போகிறார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி அவளுடைய கூடப்பிறந்த அக்கா. விதிக்கு வேறு வீடு கிடைக்கவில்லை போலிருக்கிறது. இரண்டு மாதம் முன்பு கணையத்தில் புற்று என்று தெரிந்ததும், வழக்கமான மருந்தே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் அக்கா. டாக்டர்கள் சொல்லியும் கேட்கவில்லை.

"என் தங்கச்சி மருந்து இருக்கும்போது எனக்கு எதுக்கு வேற மருந்து?"

சந்தேக மேடமும் தடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஓர் ஆய்விதழ் அவளுடைய புதுக் கட்டுரைக்காகச் செல்கள் எந்தப் புற்றைச் சேர்ந்தவை என்று உறுதிசெய்யும் டி.என்.ஏ. சான்றிதழைக் கேட்டது. எல்லாரிடமும் கேட்பதுதான். ஒரு சொட்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். கணையச் செல்கள் இவ்வளவு வேகமாகவா வளரும்? இத்தனை நாள் அதைக் கைராசி என்று நினைத்திருந்தாள். கருப்பைவாய்ப் புற்றுச் செல் ஒன்று உண்டு. உலகத்து ஆய்வுக்கூடங்களில் எல்லாம் இருப்பது, அசுர வேகத்தில் பெருகுவது. ஒரு சொட்டு தவறி அடுத்த குடுவையில் விழுந்தால் போதும், சில வாரங்களில் அங்கிருந்த செல்கள் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டிய கதைதான்.

நாலு நாள் சோறு இறங்கவில்லை. ஒரே குடுவைக்கு இரண்டு முறை பெயர்ச்சீட்டு ஒட்டினாள். "நீங்க உக்காருங்க மேடம், நான் பாத்துக்கறேன்" என்றாள் உதவியாளப் பெண். சான்றிதழைத் திங்கட்கிழமைக்குப் பிறகு அனுப்பச் சொல்லலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. போனைக் கையில் எடுத்தும்விட்டாள். எடுத்த கையைப் பார்க்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முடிவு வந்தது. கணையம் இல்லை, கருப்பைவாய்.

முதலில் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரைப் போனில் கூப்பிட்டாள். "நிறுத்திடுங்க சார். பத்துப் பேருக்கும்." அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நின்றபடியே பதில் சொன்னாள். பிறகு அக்கா வீட்டுக்குப் போனாள்.

அக்கா கட்டிலில் பையை வைத்து ஆஸ்பத்திரிக்குத் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, திங்கட்கிழமை போக வேணாம்."

"ஏன், தள்ளி வச்சுட்டாங்களா?"

"இல்லக்கா. நான் வளர்த்தது உன் நோயே இல்ல. வேற ஏதோ. இத்தனை வருஷமா தப்பான செல்லை வச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

அக்கா அடுக்குவதை நிறுத்தினாள். "அப்ப அந்த மருந்து எனக்குக் கேக்காதா?"

"தெரியாதுக்கா. யாருக்குமே தெரியாது. நாளைக்குக் காலையிலேயே டாக்டர்கிட்ட போயி வழக்கமான மருந்தையே ஆரம்பிக்கச் சொல்லலாம். ஆனா ரெண்டு மாசம் மருந்தில்லாம வீணாப் போயிடுச்சுக்கா."

அக்கா திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். அக்கா மடித்த புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த ரெண்டு மாசமும் நல்லாத் தூங்கினேன்டி. நீ இருக்கேங்கிற தைரியத்துல."