அப்பா இருக்கிற கதிரை

என் மகளுக்கு ஓர் அப்பா இருக்கிறார். கெட்டிக்காரர். ஒட்டகம் ஓட்டுவார், ஒரு கையால் காரைத் தூக்குவார், மன்னார்க் கழுதைகளோடு அவற்றின் பாஷையிலேயே கதைப்பார். தலை நிறைய மயிர். ஒருநாளும் ஏச மாட்டார். அவரை உண்டாக்கியவன் நான்தான் என்பதால் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் என்ற ஆசையும் உண்டு. என்ன செய்ய, ஆள் கண்ணில் படுவதில்லை.

நான் கட்டாருக்கு வேலைக்குப் போனபோது அவள் கைக்குழந்தை. அங்கிருந்து முகம் பார்த்துப் பேசும் அழைப்புகள் ஒழுங்காக எடுபடாது. குரலைப் பதிந்து அனுப்புவதுதான் வழி. பிள்ளை சாப்பிட அடம்பிடிக்கத் தொடங்கியதும் மனைவி ஒரு வித்தை கண்டுபிடித்தாள். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, கைபேசியில் என் குரலை ஓடவிட்டு, "உங்களுக்கு ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய்" என்று ஊட்டுவாள். நானும் சும்மா இருப்பேனா? 'ஆ' என்று வாய் திறந்து, மென்று, விழுங்கி, இடையிடையே ஒட்டகக் கதையும் விட்டு அனுப்புவேன். அப்பாவின் பங்கு கதிரையின் விளிம்பில் வைக்கப்படும். கோழி வந்து கொத்திக்கொண்டு போகும். அப்பா சாப்பிட்டுவிட்டார் என்று அவள் அடுத்த வாய்க்கு ஆயத்தமாவாள். நாலு வருடம் என் பங்குப் புட்டைத் தின்று கொழுத்தது அந்தக் கோழிதான்.

படங்களும் அனுப்பினேன். எல்லாம் பழைய படங்கள். வெய்யிலும் வேலைத்தளத் தொப்பியும் சேர்ந்து என் தலையை வெட்டவெளியாக்கிவிட்ட செய்தியை வீட்டுக்கு அறிவிக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு இரண்டு மாத விடுமுறை கிடைத்தது. திரும்பிப் போவதற்குள் அவள் என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை 'அப்பா' என்று கூப்பிட வேண்டும். நான் கொண்டுவந்த ஆசை அவ்வளவுதான்.

முருங்கனில் பஸ்ஸால் இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்குள் நுழைந்து, களைப்பில் முதலில் கண்ட கதிரையில் பொத்தென்று இருந்தேன். பிள்ளை வீரிட்டாள்.

"மாமா, எழும்புங்கோ! அதில அப்பா இருக்கிறார்!"

பகிடியாக்கும் என்று நினைத்து, "பரவாயில்லை, நான் அவற்ற மடியில இருக்கிறன்" என்றேன். அழுகை கூடியது. அவளுடைய கண்ணெதிரே ஒரு தடியன் அவளுடைய அப்பாவை நசித்துக்கொண்டிருந்தான்.

"இஞ்சேருங்கோ, முதல்ல எழும்புங்கோ. ஆறுதலாச் சொல்லிக் குடுப்பம்," என்றாள் மனைவி.

எழும்பி, நிலத்தில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்தேன். கோழி வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தது.

சொல்லிக் கொடுத்துப் பார்த்தோம். என் படத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள் மனைவி. பிள்ளை இரண்டையும் பார்த்துவிட்டு, "அப்பாவுக்குத் தலைமயிர் இருக்கு" என்றாள். வழக்கு முடிந்தது. பதிவில் பேசுகிற அதே குரலில் ஒட்டகக் கதை சொன்னேன். கை தட்டினாள். "அப்பா மாதிரியே கதைக்கிறீங்கள், மாமா!"

சின்ன வயதில் எனக்கும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத ஒருவன் இருந்தான். வயல் வாய்க்கால் மதகுக்குள் குடியிருந்தான். நான் உடைத்த பானைகளுக்கெல்லாம் பொறுப்பு அவன்தான். "அப்பிடி ஒருத்தனும் இல்லை" என்று என் தகப்பன் அடித்துச் சொன்ன நாளிலிருந்து அவன் இன்னும் பலமானான். அதுவரை பெயர் மட்டும் இருந்தவனுக்கு அன்றைக்கே கையும் காலும் முளைத்தன. இல்லை என்று சொல்லச் சொல்ல வளருகிற சாதி அது. ஆகவே சண்டை வேண்டாம், எதிரியோடு சிநேகமாகிவிடுவோம் என்று தீர்மானித்தேன். இந்த வீட்டில் என்னைவிட மூத்த குடியிருப்பாளர் அவர்தானே.

ஒருநாள் அவளைத் தலைமன்னாருக்கு ரயிலில் கூட்டிப்போனேன். யன்னல் ஓரத்தை அப்பாவுக்கு விட்டாள். நடுவில் அவள். நான் நடைபாதைப் பக்கம். மீன் விற்று முடித்த வெறும் பேசின் பாத்திரத்தோடு ஏறிய ஓர் அம்மா எங்கள் முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, அந்த மூலையில ஆரும் இருக்கினமோ?"

பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த மாதங்களில் அவள் என்னிடம் எதையாவது எதிர்பார்த்துப் பார்த்தது அப்போதுதான்.

"ஓம் அம்மா, ஆள் இருக்கு," என்றேன்.

"ஆர்?"

"இவவின்ர அப்பா."

"அப்ப நீங்கள் ஆர்?"

நான் யன்னல் ஓரத்து வெற்று இருக்கையைப் பார்த்தேன். அந்த அம்மாவின் முகம் மாறியது. பிள்ளை பிடிக்கிறவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்து, "பிள்ளை, இவர் உமக்கு ஆர்?" என்று கேட்டார்.

நானும் குனிந்து காது கொடுத்தேன். மகள் யோசித்தாள்.

"இவர் கட்டாரில இருந்து வந்தவர்."

பொய் இல்லை. மனைவியின் பெயர், வீடு, கோழி எல்லாம் சொல்லி நான் தப்பினேன். அம்மா பேசினைக் கவிழ்த்து அதன்மேல் குந்தியிருந்து, பேசாலை நிலையம் வரைக்கும் என்னைக் காவல் காத்தார். இரண்டு பக்கமும் கடல் ஓட, நடுவே ஒரு வெற்று இருக்கை சொகுசாகப் பயணம் செய்தது.

தலைமன்னார்ப் பழைய இறங்குதுறையடியில் நின்று, "உங்கட அப்பாவில என்ன அப்பிடிப் பிடிக்கும்?" என்று கேட்டேன்.

"சிரிப்புக் காட்டுவார்."

"நான் காட்டேல்லையோ?"

"நீங்கள் கனக்கக் காட்டுறீங்கள்," என்றாள், ஆளைக் கவலைப்படுத்தக் கூடாது என்ற மரியாதையோடு.

கற்பனை இல்லாததை உண்டாக்கும் என்பார்கள். என் வீட்டில் அது அந்தளவோடு நிற்கவில்லை. உண்டாக்கினதற்கு இடம் போதாமல், வியர்வையும் குறட்டையுமாக வந்து நின்ற ஒருவனை நிலத்தில் இருத்தியது. வீட்டுக்கு வராத வரைக்கும் நான் குறையே இல்லாத தகப்பன்.

விடுமுறை முடிந்தது. படலையடியில் நின்று, "போயிட்டு வாங்கோ மாமா" என்று அழகாகக் கை காட்டினாள். நல்ல வளர்ப்பு. மனைவி அங்கால் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கட்டாரில் முதல் நாள் வேலை முடிந்து அறைக்கு வந்தேன். மகளின் குரல் வந்து கிடந்தது.

"அப்பா! அந்த மாமா போயிட்டார். இனிப் பயமில்லை. கதிரை சும்மாதான் கிடக்கு, வந்து இருங்கோ. புட்டு இருக்கு."

அவள் 'அப்பா' என்று கூப்பிட்டது அந்த இரண்டு மாதமும் கேட்காத குரலில். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவன், "என்னடா, வீட்டில எல்லாரும் சுகமோ?" என்று கேட்டான்.

"சுகம். சாப்பிடக் கூப்பிடுகினம்," என்றேன்.

பிறகு கைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்து, 'ஆ' என்று திறந்து, ஒன்றும் இல்லாததை நன்றாக மென்று, சத்தம் கேட்கும்படி விழுங்கினேன்.