பிரதிவாதியின் சிறுநீரகம்

எங்கள் மாரியம்மன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. திருவிழா மலருக்கு அனுபவம் எழுதச் சொன்னவர்களிடமும் இதைச் சொல்லிவிட்டேன். இனிக்க இனிக்க எழுத எனக்கு வராது.

நாற்பத்திரண்டு வயதில் எனக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. ஐப்பசியில் கால் வீங்கியது. நடவுச் சேற்றில் நின்றதால் என்று நினைத்தேன். பிறகு சோற்றைக் கண்டாலே குமட்டியது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், கீழ்வேளூரிலிருந்து தஞ்சாவூருக்கு பஸ். வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. எனக்கோ குடிக்கும் தண்ணீருக்கு அளவு. ஒரு டம்ளரைப் பொழுது முழுக்க நக்கிக்கொண்டிருந்தேன். பார்ப்பவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன்.

மாற்று சிறுநீரகம் வைத்தால்தான் பிழைப்பேன் என்றார் டாக்டர். மனைவி வசந்தா தன்னுடையதைத் தர வந்தாள். ரத்த வகை சேரவில்லை. உடன்பிறந்தவர்கள் யார் என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். 'யாரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பொய். எனக்கு ஓர் அண்ணன் உண்டு. பெயர் கோவிந்தராசு. கட்சியில் சேர்ந்து கருப்புச் சட்டை போட்டதும் கோவேந்தன் என்று மாற்றிக்கொண்டார். அப்பா நிலத்தைப் பிரித்தபோது மடை மட்டும் பொதுவாக நின்றது. காவிரித் தண்ணீர் தாமதமாக வந்த ஒரு வருடம் அவர் அந்த மடையை அடைத்தார். என் பயிர் கருகியது. நாகப்பட்டினம் கோர்ட்டில் வழக்குப் போட்டேன். ஆறு வருடம் பேச்சில்லை. எதிரே வந்தால் குடையைச் சாய்த்துக்கொண்டு போவேன். என்னைப் பொறுத்தவரை அவர் இல்லாத ஆள்தான்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலில் நின்று கத்தினேன்.

"பதினோரு வருஷம் உனக்குத் தீ மிதிச்சேனே, உனக்குக் கண்ணு இருக்கா? என் பிள்ளைங்க தெருவுல நிக்கணுமா? சித்திரைக்குள்ள ஒரு வழி காட்டு. இல்லேன்னா உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்!"

பூசாரி என் வாயைப் பொத்த வந்தார். தள்ளிவிட்டேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த டயாலிசிஸ் நாளில் கட்டிலுக்கு எதிரே கருப்புச் சட்டை நின்றது. நான் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"கையில ஊசியோட கெடக்கே, எங்கயும் ஓட முடியாது. கேளு" என்றார் அண்ணன். "கல்லுகிட்ட கத்துனா கிட்னி வருமாடா? நீ போட்ட சத்தம் எதிர்த்த டீக்கடை வரைக்கும் கேட்டுச்சு. மனுசன்கிட்ட கேக்கத் தெரியாதா உனக்கு? எனக்கும் ஓ பாசிட்டிவ்தான்."

அம்மனைத்தான் மறுபடி ஏசினேன். ஊரில் இத்தனை பேர் இருக்க இவர்தானா கிடைத்தார் உனக்கு? அதுவும் நீயே இல்லை என்று மேடை போட்டுச் சொல்கிறவர்!

வேண்டாம் என்றேன். வசந்தா கையெடுத்துக் கும்பிட்டு, "ஒங்க வீம்புக்கு நான் தாலியறுக்கணுமா?" என்று கேட்டாள். சரி என்று தலையாட்டினேன்.

பரிசோதனைகளில் எல்லாம் பொருந்தி வந்தது. ஆனால் சென்னையில் உறுப்பு தானத்துக்கு அனுமதி தருகிற குழு முன்னால் நின்றபோது அந்தப் படிவம் வந்து குறுக்கே விழுந்தது.

"உடன்பிறந்தவர் யாரும் இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப இவர் யாருங்க?" என்று அதிகாரி கேட்டார். விலைக்குக் கொடுக்க வந்த ஆளோ என்று அவருக்குச் சந்தேகம். பள்ளிச் சான்றிதழில் கோவிந்தராசு, வாக்காளர் அட்டையில் கோவேந்தன். என் கையெழுத்தே என்னைக் கொல்லப் போகிறது என்று நினைத்தேன்.

வசந்தா பையைத் துழாவி ஒரு காகிதக் கட்டை எடுத்து நீட்டினாள். நான் போட்ட வழக்கின் நகல்! 'கோவிந்தராசு என்கிற கோவேந்தன், பிரதிவாதி. வாதியும் பிரதிவாதியும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள்.' வக்கீல் அழகாக எழுதியிருந்தார்.

அதிகாரி இரண்டு முறை படித்தார். "கேஸ் நடக்குறப்பவே கிட்னி குடுக்குறீங்களா?" என்று அண்ணனைக் கேட்டார்.

"அது நெலங்க. இது தம்பி."

எனக்கு அவமானமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆனியில் அறுவை சிகிச்சை நடந்தது. கண் விழித்ததும் செவிலியர் சிறுநீர்ப் பையைத் தூக்கிக் காட்டினார். நிறைந்திருந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு, அழுதுகொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். முகமூடி, கொதித்து ஆறிய தண்ணீர், கூட்டத்துக்குப் போகாதே, சேற்றில் இறங்காதே என்று ஆயிரம் கட்டுப்பாடுகள். அண்ணனும் மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது. அந்தச் சம்பாவுக்கு மடையைத் திறந்துவிட்டது அண்ணிதான். முதலில் என் வயலுக்குத்தான் தண்ணீர் வந்தது.

வழக்கை வாபஸ் வாங்கிவிட்டேன். காலையும் மாலையும் எட்டு மணிக்கு மாத்திரை போடுகிறேன். இல்லாவிட்டால் அண்ணனுடைய சிறுநீரகத்தை அந்நியம் என்று என் உடம்பு விரட்டிவிடுமாம். என் உடம்புக்கும் என் குணம்தான்.

அம்மனுக்குப் பொங்கல் வைத்தபோது அண்ணன் கோயில் வேலிக்கு வெளியே நின்று கத்தினார். "அறுத்துக் குடுத்தது நானு, பொங்கல் அவளுக்கா?"

அன்று நான் போட்ட சத்தத்தை அவர் காதில் விழவைத்தவள் அவள்தான் என்று நான் நம்புகிறேன். அவர் நம்ப வேண்டாம். பொங்கலை மட்டும் இரண்டு கரண்டி கூடுதலாக வாங்கிச் சாப்பிட்டார்.

உங்களுக்கும் கஷ்டம் வரும். வந்தால் அவளிடம் போங்கள். கோபம் இருந்தால் கோபமாகவே கேளுங்கள், அவள் பொறுத்துக்கொள்வாள். ஆனால் முணுமுணுக்காதீர்கள். டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரிக் கேளுங்கள்.