பால் ஸ்டோரில் பார்த்த குத்துச்சண்டை

ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டின் புளிப்பு நெடி மூக்கில் ஏறினால், ஒரு வெள்ளைக்காரப் பையனின் வீங்கிய கண்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. நான் பார்த்த முதல் சினிமா அவனுடையது. ரெம்பியா பக்கம் எங்கள் தோட்டத்துப் பால் ஸ்டோருக்குள், ஜன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டு, பட்டப்பகலில் ஓடியது. அது வெள்ளைக்காரன் ஆட்சி, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. அதனால் படம் காட்ட வந்த வேன்காரர்கள் பகலையே இருட்டாக்க வேண்டியிருந்தது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அலோர் காஜா இங்கிலீஷ் பள்ளியில் முதல் வருடமே பெயிலாகி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தேன். காட்டில் இருப்பவர்கள் கைக்குப் போய்விடும் என்று வேலிக் கேட்டில் போலீஸ்காரர்கள் சோற்றுப் பொட்டலத்தைக்கூட வாங்கி வைத்துக்கொள்வார்கள். வெறும் வயிற்றோடு புரியாத பாஷையில் பாடம் கேட்டால் வேறென்ன ஆகும்? அதே வகுப்பில் மறுபடி உட்கார அப்பாவின் கையெழுத்து வேண்டும், திங்கட்கிழமைக்குள். பள்ளி கொடுத்த கடிதம் நான்கு நாளாக அவர் சட்டைப்பையில் கசங்கிக்கொண்டிருந்தது.

"பொம்பளப் புள்ள, பெயிலும் ஆயிருச்சு. இன்னும் என்னாத்துக்கு பஸ் ஏறிப் போவணும்? எங்கூட 'புல்லு வெட்டு'க்கு வரட்டும்லா" என்றார் அம்மா. அப்பா கடிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை படம் ஓடியது. எல்லாம் இங்கிலீஷ். அது தெரிந்த ஒரே ஆள் எங்கள் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் 'கிராணி'. அவரோ கதவோரம் அப்பாவோடு நின்றுகொண்டு அவருக்கு மட்டும் கதை சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்களான நாங்கள் கண்ணால் பார்த்ததைக் கதையாக்கிக்கொண்டோம். மூக்கு உடைந்த கிழவர் ஒருவர், எலும்பும் தோலுமான பையனை ஓட வைத்து, குத்த வைத்துப் பழக்குகிறார். எங்கள் சிலம்பக்காரர்கள் உடனே அவருக்கு 'வாத்தியார்' என்று பேர் வைத்துவிட்டார்கள். பிறகு பெரிய சண்டை. பையன் விழுகிறான், எழுகிறான், மறுபடி விழுகிறான். மூன்றாம் சுற்றில் ஒரு கண் மூடியே போயிற்று. அப்போது வாத்தியார் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து வளையத்துக்குள் வீசினார்.

மாரியம்மன் திருவிழாச் சிலம்பத்தில் ஜெயித்தவனுக்குத்தான் எங்கள் தோட்டத்தில் துண்டு வீசுவார்கள். ஸ்டோரே அதிர்ந்தது. "வாத்தியாரே துண்டு போட்டுட்டாருடா!" என்று விசில் பறந்தது. நான் தகரப் பீப்பாயின் மேல் ஏறி நின்று, உள்ளங்கை எரியும்வரை கை தட்டினேன். அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான்.

உடனே ஊரடங்குச் சங்கு ஊதியது. இன்னும் ஒரு ரீல் பாக்கி என்று வேன்காரர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜெயித்தாயிற்று, இனி என்ன? வீட்டுக்குப் போனதும் அப்பா கடிதத்தை மேசையில் விரித்து, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

மறுவருடம் பாஸானேன். நர்ஸ் வேலைக்குப் போய், பிள்ளை குட்டி பெற்ற பின், ஒருநாள் டிவியில் குத்துச்சண்டை பார்த்த என் மகன்தான் சொன்னான்: "துண்டு போட்டா சரண்டர்மா. அவன் தோத்துட்டான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தஞ்சோங் கிளிங்கில் என் தம்பி வீட்டில் இருந்த அப்பாவிடம் போய், "நம்ம தோட்டமே ஏமாந்துருச்சுப்பா" என்றேன்.

இன்று அந்த ஸ்டோர் இல்லை. லயங்கள் இருந்த இடத்தில் மாடி வீடுகள். அப்பாவும் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் சிரித்துக்கொண்டே சொன்னது அப்படியே காதில் இருக்கிறது.

"எனக்கு அப்பவே தெரியும். கிராணி சொன்னாரு, பையன் தோத்துட்டான்னு. திரும்பிப் பாத்தா நீ பீப்பா மேல நின்னு கை தட்டுற. அந்த மூஞ்சியப் பாத்துட்டு, புல்லு வெட்டப் போன்னு எப்படிச் சொல்லுவேன், ஆயி?"