அண்ணன் முகத்தைத் திருத்திய டிவி

கடையில் அந்த டிவியில் ஒரு தவளையைக் காட்டினார்கள். தவளையின் தொண்டை துடிப்பது தெரிந்தது. முதுகில் இருந்த ஈரம் தெரிந்தது. அதன் கண்ணுக்குள் ஒரு மரமே தெரிந்தது. எந்த நாட்டுத் தவளையோ. அதற்கே இவ்வளவு மரியாதை என்றால் என் அண்ணனுக்குக் கிடைக்காதா என்று நினைத்துத்தான் வாங்கினேன்.

அண்ணன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை செய்தான். திருச்செங்கோட்டுப் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் அந்த வேலைக்குப் போன ஒரு ஆள் இருப்பார். வெளி மாநிலத்துக்குப் போய் மாதக்கணக்கில் போர் போட்டுவிட்டு வருவார்கள். அவன் போன வண்டி மத்தியப் பிரதேசத்தில் கவிழ்ந்துவிட்டது. பெட்டிக்குள் வைத்துத்தான் கொண்டு வந்தார்கள். திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள், ஊர்ப் பெரியவர்களும் சரி என்று தலையாட்டிவிட்டார்கள். அம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டுதான் அழுதாள். மகன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை.

கூட வேலை செய்த பையன் ஒருவன் பிறகு எனக்கு ஒரு வீடியோ அனுப்பினான். அண்ணன் ரிக் பக்கத்தில் நின்று திரும்பிச் சிரிக்கிறான். அவ்வளவுதான். போனில் போட்டு அம்மா முகத்துக்கு நேராகப் பிடித்தேன். அம்மாவுக்குச் சர்க்கரையால் கண் பாதி போய்விட்டது.

"என்னமோ ஆடுது சாமி. அவனா அது? ஒண்ணுந் தெரியலியே" என்றாள்.

நான் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சின்னதில் தெரியாவிட்டால் பெரியதில் தெரியும். கடைக்காரரிடம் கேட்டேன், போன் வீடியோ இதில் தெரியுமா என்று. "நேர்ல பாக்கறாப்புலயே இருக்குமுங்க" என்றார். தவளையைப் பார்த்த பிறகு நான் ஏன் நம்பாமல் இருப்பேன்?

டிவி வந்து இறங்கியதுமே பெரியம்மா வந்துவிட்டாள். அம்மாவுக்கு அக்கா. பக்கத்துத் தெரு.

"ஏம் புள்ள, உனக்கு அறிவிருக்குதா? எழவு உழுந்த ஊடு. வருசத் திதி முடியாம ஒரு கரண்டிகூடப் புதுசா வாங்க மாட்டாங்க. நீ என்னடான்னா செவுரு அகலத்துக்கு டிவி வாங்கி வெச்சிருக்கற?"

"படம் பாக்க வாங்கல பெரியம்மா. அண்ணனப் பாக்க."

"அண்ணன் என்ன சீரியல்லயா நடிக்கறான்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. துக்கம் எங்களுடையது, கணக்குப் பார்ப்பது மட்டும் ஊராருடையது. பொட்டு வைத்தால் ஒரு பேச்சு, சிரித்தால் ஒரு பேச்சு. அம்மா முந்தானையை இழுத்துவிட்டு நாற்காலியைச் சுவருக்கு நேராகப் போடச் சொன்னாள். பெரியம்மா திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள். போகவில்லை.

டிவியை மாட்டிவிடக் கம்பெனியிலிருந்து வந்த தம்பி சுவரில் துளை போட்டு டிவியை ஏற்றினான். போட்டதும் கடல் வந்தது, பழம் வந்தது, தேன் சொட்டியது. எங்கள் வீட்டுச் சுவர் இருட்டாகி அதற்குள் வேறொரு வீடு திறந்த மாதிரி இருந்தது. பொய் சொல்லக்கூடாது, ஒரு நிமிடம் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பிறகு எங்கள் கேபிளைச் சொருகினான். செய்தி வாசிக்கும் பெண்ணின் கன்னம் ரெண்டு பக்கமும் இழுத்து, அம்மி மாதிரி ஆகிவிட்டது.

"இதென்ன, கன்னம் வீங்கி அம்மாக்கட்டு வந்தவளாட்ட இருக்கறா?" என்றாள் பெரியம்மா.

"பழைய பாக்ஸுங்க. எச்டி பாக்ஸ் வாங்கிட்டீங்கன்னா சும்மா கண்ணாடியாட்ட இருக்கும்."

"அப்ப இது எதுக்கு?"

"இது டிவிங்க."

டிவி வாங்கினால் டிவி தெரியாதாம், அதற்குத் தனியாக ஒன்று வாங்க வேண்டுமாம். இதைக் கடையில் ஒருத்தரும் சொல்லவில்லை. சரி, அந்தப் பெண் எப்படிப் போனால் எனக்கென்ன. போனைக் கொடுத்து வீடியோவைப் போடச் சொன்னேன்.

நடுவில் ஒரு சந்து மாதிரி வந்தான் அண்ணன். ரெண்டு பக்கமும் கறுப்பு. போனை நட்டமாக நிறுத்திப் பிடித்து எடுத்ததாம், அப்படித்தான் வருமாம். இந்தச் சுவரையே அடைக்கும் டிவியில் கடலுக்கு முழு இடம், தேனுக்கு முழு இடம். என் அண்ணனுக்கு ஒரு சந்து.

"படம் மங்கலா இருக்குதுங்க. கலரும் செத்துப் போயிருக்குது. இருங்க, சரி பண்ணித் தாரேன்" என்று அவனே ரிமோட்டை அமுக்கினான். நான் கேட்கவே இல்லை. ஏதேதோ பட்டியல் வந்து போனது. கட்டம் கட்டமாக இருந்தது எல்லாம் குழைந்து வழுவழுப்பாகிவிட்டது. அண்ணனின் கன்னம் ரோஜா நிறத்துக்கு வந்தது. நெற்றியில் சுருக்கமில்லை, மூக்கோரத் தழும்பு இல்லை. கல்யாண ஆல்பத்து மாப்பிள்ளை மாதிரி சிரித்தான்.

"இப்பப் பாருங்க!" என்றான் அந்தத் தம்பி, பெருமையாக.

அம்மா முன்னால் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"யாரு சாமி இது?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"எவன் உன்னச் சரி பண்ணச் சொன்னான்? பழையபடி ஆக்கு."

"ஏனுங்க்கா, நல்லாத்தான இருக்குது. மூஞ்சி சாம்பலாட்ட இருந்துதுங்க, அதான்..."

"சாம்பலாட்டத்தான் இருப்பான். அது கல்லுத்தூளு. போர் போட்டா அப்படித்தான் பறக்கும். நீ யாரு எங்கண்ணன் மூஞ்சியக் கழுவி உடறதுக்கு?"

"எல்லாத்தையும் ஆஃப் பண்ணுனா டிவியே வேஸ்ட்டுங்க. இதுக்குத்தானுங்க இவ்வளவு குடுத்து வாங்கறது."

"வேஸ்ட்டாப் போகட்டும். ஆஃப் பண்ணு."

ஒவ்வொன்றாக அணைத்தான். ஏதோ ஒன்றை அணைக்க மறந்ததில் அண்ணனுக்கு உதட்டுச் சாயம் பூசின மாதிரி ஆனது, அதையும் அணைக்க வைத்தேன். கடைசியில் கட்டம் கட்டமாக, மங்கலாக, அவன் வந்தான். தலைமுடி முழுக்கச் சாம்பல். புருவம் சாம்பல். சட்டைக்கும் கழுத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பின்னால் புகை மாதிரி தூள் எழும்பிக்கொண்டே இருந்தது. திரும்பி, "எடுக்காதடா டேய்" என்று சிரித்தான். பல்லும் நாக்கும் மட்டும்தான் மனித நிறத்தில் இருந்தன. முழங்கையால் வாயைத் துடைத்தான்.

"அவந்தான்" என்றாள் அம்மா. "தொடைக்கறான் பாரு. சோறு உண்டாலும் அப்படித்தான் தொடைப்பான்."

நான் திரும்பத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு முறையும் அம்மா நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்தாள்.

எனக்கு அழுகை வரும் என்று பார்த்தேன். அம்மாதான் அழுவாள் என்று பெரியம்மா அவள் தோளில் கையை வைத்தாள். அம்மா அழவில்லை. அந்தத் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏந்தம்பி, செத்த முன்ன செவுத்துல ஓட்டை போட்டீங்களே, அப்ப மூஞ்சில என்னமோ கட்டியிருந்தீங்கல்ல?"

"கைக்குட்டைங்கம்மா. செங்கத்தூளு ஆகாதுங்க. நெஞ்சுல கட்டிக்கும்."

"நாலு ஓட்டைக்கே?"

"கம்பெனில கட்டச் சொல்லியிருக்காங்கம்மா."

அம்மா மறுபடி டிவியைப் பார்த்தாள். "இவன் மூஞ்சில ஒரு துணியும் இல்லியே" என்றாள். "எனக்குக் கண்ணு நல்லாத் தெரிஞ்சப்ப வீடியோல பேசுனா, குளிச்சு, தலை சீவி, வெள்ளைச் சட்டையோடதான வருவான். நான் சவுரியமா இருக்கறேம்மான்னு சொல்லுவானே."

"போதும் நிறுத்து புள்ள, அவளுக்குத் தாங்காது" என்றாள் பெரியம்மா.

"நிறுத்தாத" என்றாள் அம்மா.

அந்தத் தம்பி பையை எடுத்துக்கொண்டு, போனில் அஞ்சு ஸ்டார் போட்டுவிடச் சொல்லி மெதுவாகக் கேட்டான். நான் முறைத்த முறைப்பில் வாசலுக்குப் போய்விட்டான். பாவம், அவன் மேல் என்ன தப்பு. ஆனால் அன்றைக்கு யார் மேலாவது கோபப்படாமல் என்னால் நிற்க முடியவில்லை. அந்தத் தூள் அவ்வளவும் எத்தனை வருடம் அவன் நெஞ்சுக்குள் போயிருக்கும். வண்டி கவிழ்ந்ததால் செத்தான் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கவிழாமல் இருந்திருந்தால் மட்டும் அவனை எங்களுக்கு முழுதாகத் தந்திருப்பார்களா?

"வண்டி ஓனரு துக்கம் கேக்க வந்தப்ப என்ன சொன்னாரு?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

"உங்க பையன ராசாவாட்ட வெச்சிருந்தேன்னாரு."

"அவருக்குப் போன் போடு."

"என்னன்னு சொல்றதும்மா?"

அம்மா டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எங்கூட்ல புது டிவி வாங்கியிருக்கறோம், ஒரெட்டு வந்து பாத்துட்டுப் போங்கன்னு சொல்லு."